வேன் அக்கா போகாத வீடு

வேன் அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? பிள்ளையைக் கிளப்பிவிடாமல், தானே வாயில் பிரஷ்ஷோடு வாசலில் வந்து நிற்கிற அப்பாக்களைப் பார்த்து, "ஏன் சார், இன்னிக்கு ஸ்கூலுக்கு நீங்க வர்றீங்களா, உங்க பையன் வர்றானா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்கிறவள். வழியை அடைத்துக் காரை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரை, பேச்சு முடிவதற்குள் காரை எடுக்கவைத்தவள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைகூட அக்கா எதிரே வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார், நாம்தான் தாமதமோ என்று.

அப்பேர்ப்பட்டவள் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஒரே ஒரு வீட்டுக்குப் பயந்துகொண்டு திரிந்தாள். அந்த வீட்டில் அவளைத் திட்டவோ அடிக்கவோ யாரும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் மட்டும் இருந்தாள். அவளைப் போய்ப் பார்க்க வேண்டும், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதுதான் அக்காவால் முடியவில்லை.

முதலில் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் ஸ்டியரிங் பிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. அதே வேனில் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்கும் வேலைக்குத்தான் வந்தாள். அப்போது ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு வாசல் வாசலாகக் காத்துக் கிடந்தார்கள். அன்றைக்கு வீடு வீடாக நடந்து போய் மன்னிப்புக் கேட்டவள் அக்காதான். இனி எவனுக்காகவும் இந்தப் பிள்ளைகளைக் காக்க வைக்கமாட்டேன் என்று மறுநாளே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது ஒரு தகப்பன், "பொம்பளை ஓட்டுற வண்டியில எப்படிங்க குழந்தைய நம்பி அனுப்புறது?" என்று கேட்டார். "பத்து மாசம் ஒரு பொம்பளைய நம்பித்தானே உள்ள இருந்தீங்க?" என்றாள் அக்கா. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இன்றைக்கும் அந்த வேனில்தான் போகிறார்கள்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. ஊர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிப்போய், மாவும் சூடுமாக மத்தியானம் வந்து சேர்ந்து, சாப்பிட்டதும் படுத்துவிடுவார். அதிகம் பேசாத மனிதர். ஊரோடு சேர்ந்து அவரும் ஞாபகப் பிசகில் "வேன் அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, "நான் உனக்கு அக்காவாய்யா?" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு. இரண்டு பெண்கள். பெரியவளுக்கு வயது பத்து, பேச்சு குறைவு, அப்பாவைப் போல. சின்னவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள், அம்மாவைப் போல. இரண்டு பேரும் அம்மாவின் வேனில்தான் போய் வருவார்கள். அம்மா வண்டி என்று சலுகை கிடையாது. தாமதமானால் அவர்களுக்கும் திட்டு உண்டு.

வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கா ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். எப்போதும் தூங்கி விழுகிறவன் ‘கும்பகர்ணன்’. டிபன் டப்பாவை வண்டியிலேயே காலி செய்கிறவன் ‘மிக்ஸி’. பெரியவளின் வகுப்பில் படித்த, அவளோடு ஒட்டிப்பிறந்தது போல உட்கார்ந்து வரும் பெண்ணுக்கு ‘ரேடியோ’. ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. ஏறும்போது வாய் திறந்தால் இறங்கும்போதுதான் மூடும். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், ஜன்னலோரம் அவள் இடம். அக்காவின் தோளைத் தட்டித் தட்டிப் பேசுவாள். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். "கொஞ்சம் ஆஃப் பண்ணுடி, ஹாரன் சத்தம் கேக்கல" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், ரேடியோவும் சிரிப்பாள், மறுபடி பேசுவாள்.

ரேடியோவின் அம்மாவுக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை. அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், வந்து வந்து போவார். அம்மா வேலை முடிந்து வரும்வரை மாடி வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார்.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே, அக்கா ஒரு கூட்டம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தொலைவில் ஏரிக்கரையில் நடந்த கோடை முகாமுக்குக் கிளம்பிவிட்டாள். தன் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. கூடாரம், படகு, மரமேறுதல் என்று பிள்ளைகள் ஆட்டம் போட்டுவிட்டு, வெயிலில் கறுத்து, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த நேரத்தில் தூங்காமல் நிற்பதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"ரேடியோ போயிடுச்சு" என்றார்.

காய்ச்சல். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், டாக்டர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா வேன் படியில் அப்படியே உட்கார்ந்தாள். பெரியவள் தோளில் பையை மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. "எந்த ரேடியோ?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

நாளைக்குப் போய்விட்டு வந்துவிடு என்றார் வீட்டுக்காரர். நாளைக்கு நீச்சல் வகுப்பு தொடங்குகிறதே, சாயங்காலம் போகிறேன் என்றாள் அக்கா. அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

விடுமுறையாம் விடுமுறை! பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் பிள்ளைகள் ஒரு இடத்துக்குப் போய் ஒரு இடத்திலிருந்து வருவார்கள். விடுமுறை விட்டால் நாலு இடம். காலையில் நீச்சல், அது முடிந்ததும் பேட்மின்டன், அதற்குப் பிறகு ஓவிய வகுப்பு, வெயில் தாழ்ந்ததும் ஸ்கேட்டிங். வேலைக்குப் போகிற அப்பா அம்மாக்கள் பிள்ளையை எங்கேதான் விட்டுவைப்பார்கள்? காசைக் கட்டி, அட்டவணை போட்டு, அக்காவின் தலையில் கட்டிவிடுவார்கள். அக்காவின் பெண்களும் வீட்டில் தனியாக இருக்க முடியாதே, காலையில் வேனில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். நீச்சல் மாஸ்டர் நல்ல மனிதர். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறாளே என்று இந்த இரண்டையும் சேர்த்துத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

ஆக அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கோடை முழுக்க வேன்தான் வீடு. சீட்டுக்கு மேலே ஈரத் துண்டுகள் தொங்கும். காலுக்கடியில் மட்டையும் ஸ்கேட்டும் உருளும். குளோரின் வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்து அடிக்கும். மத்தியானம் நிழல் பார்த்து நிறுத்தி, வீட்டுக்காரர் கொடுத்துவிட்ட பன்னைப் பிய்த்துத் தின்பார்கள். சின்னவள் பின்சீட்டில் சுருண்டு தூங்கிவிடுவாள். பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தில் அவள் உட்காரவும் மாட்டாள், வேறு யாரையும் உட்கார விடவும் மாட்டாள்.

சாயங்காலம் போகிறேன் என்ற அக்கா, சாயங்காலம் போகவில்லை. களைப்பு. மறுநாள் ஸ்கேட்டிங் முடிய நேரமாகிவிட்டது. அதற்கடுத்த நாள் டயர் பஞ்சர். எல்லாம் உண்மைதான், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் மனதுக்குள் வேறொன்று உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. என் பிள்ளைகள் இரண்டும் தலை ஈரத்தோடு வண்டியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கும்போது, நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்பேன்? நீச்சலுக்குப் பெயர் கொடுத்திருந்த பிள்ளைதானே அவளும்?

தள்ளிப்போடுவதில் ஒரு கொடுமை உண்டு. முதல் நாளில் போயிருந்தால் ஒரு அழுகையோடு முடிந்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் ஏன் இத்தனை நாள் என்ற கேள்வி வரும். மூன்று வாரம் ஆகிவிட்டால் அதற்கு என்ன சொல்வது என்று யோசிக்கவே இன்னும் ஒரு வாரம் வேண்டும். நாளாக நாளாக அந்த வாசல் தூரம் போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் போகத்தான் போனாள். பேட்மின்டனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பெண்கள் இரண்டு பேரோடு அந்தத் தெருமுனையில் வண்டியை நிறுத்தினாள். "இங்கயே இருங்க, வந்துடறேன்" என்று இறங்கி நடந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கேட்டில் கைவைத்தாள். உள்ளே, கதவுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு ஜோடி செருப்பு. பூ வைத்த செருப்பு. அது அங்கேயே கிடந்தது. யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. அக்கா கையை எடுத்துவிட்டாள். வந்த வழியே நடந்து, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி, பெண்களின் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "போனியா?"

"போனேன். வீடு பூட்டியிருந்துச்சு."

அவர் அடுத்த கவளத்தை எடுத்தார். பெரியவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அக்கா தண்ணீர் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே பெண் வந்து நின்றாள்.

"ஏம்மா பொய் சொன்னே?"

மற்ற நாளாக இருந்தால் ‘பெரியவங்களைக் கேள்வி கேக்கிறியா’ என்று ஒரு சத்தம் போட்டிருப்பாள். அன்றைக்கு, "போய் சாப்பிடு" என்றாள். பெண் போய்ச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்டதற்குப் பதில் சொன்னதோடு சரி. வேனில் மற்ற பிள்ளைகள் கத்தினாலும் அவள் வாயே திறப்பதில்லை. அக்காவுக்கு இது பெரிய அடி. ஊரில் யார் தன்னை என்ன நினைத்தாலும் மயிரளவும் கவலைப்படாதவள், பத்து வயதுப் பெண் தன்னை மதிக்காமல் போய்விட்டாளே என்று மனதுக்குள்ளேயே குமைந்தாள்.

இதற்கு நடுவில் ஒருநாள் போன் வந்தது. அக்கா ஓவிய வகுப்பு வாசலில் காத்திருந்தாள். போனில் ‘ரேடியோ அம்மா’ என்று வந்தது. அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ சூடான பாத்திரத்தைப் பிடித்தது போலத் தவித்துக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டது. திரும்ப வரவில்லை. திரும்பி அழைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். நானாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும் அழைத்திருப்போமா என்பது அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும்.

அதைவிடக் கேவலம் கடையில் நடந்தது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, பெண்களுக்கு ஷூ சின்னதாகிவிட்டது, நோட்டுக்கு அட்டை போட வேண்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரிய கடைக்குப் போனார்கள். சோப்புத்தூள் வரிசையில் திரும்பினால், அந்தக் கோடியில் ரேடியோவின் அம்மா. கையில் கூடை, கூடையில் ஒன்றும் இல்லை. எதையோ வாங்க வந்து மறந்துபோனவள் போல நின்றுகொண்டிருந்தாள். அக்கா சட்டென்று இந்தப் பக்கம் அடுக்கிவைத்திருந்த மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அந்த ஆகிருதிக்கு அந்த மூட்டைகள் எம்மாத்திரம்! கடைப் பையன்கூடப் பார்த்துச் சிரித்தான். சின்னவள் இது ஏதோ விளையாட்டு என்று தானும் பக்கத்தில் வந்து குனிந்து, "யாரும்மா கண்டுபிடிக்கணும்?" என்று கிசுகிசுத்தாள். பெரியவள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். அங்கேயே நின்று அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் போகும்வரை.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டிய வாரம் வந்தது. வேனைக் கழுவி, சீட்டுக்கு உறை மாற்றி, பிரேக்கைப் பார்த்து, எல்லாம் ஆயிற்று. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் அம்மா வந்து, "டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஜன்னலோரம் கொடுங்களேன், இவனுக்கு வாந்தி வரும்" என்றார். "அதுல ஆள் இருக்கு" என்று அக்கா பட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அம்மா சரி என்று போய்விட்டார்.

வழியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ரேடியோ வீடு இருந்த தெரு, வழக்கமாகப் போகும் பாதையில் நடுவில் வரும். அக்கா யோசித்து, மார்க்கெட் ரோடு வழியாகச் சுற்றிப்போவது என்று முடிவு பண்ணினாள். சுற்று வழி, நெரிசல் வேறு. அதனால் எல்லாரும் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னாள். முணுமுணுத்தவர்களை, "ரோடு என்ன என் மாமனார் வீட்டு ரோடா? நெரிசல்னா நெரிசல்தான்" என்று அடக்கினாள். ஏன் இந்த மாற்றம் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவள் மட்டும், "நாம அவ வீட்டுப் பக்கமே இனிமே போகமாட்டோமா?" என்றாள். அக்கா கியரை மாற்றினாள்.

திறந்த நாள் காலை. முதல் நாள் எப்படி இருக்கும் என்று வேன் ஓட்டுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். புதுப் பிள்ளை ஒன்று, அம்மாவைப் பிடித்த கையை விடாமல் ஊரைக் கூட்டியது. கும்பகர்ணன் பையை மறந்துவிட்டு ஏறினான், பிறகு இறங்கி ஓடினான். மிக்ஸி அதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டான். விடுமுறையில் பார்க்காத பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வாந்தி வரும் என்ற பையன் சொன்னபடி வாந்தி எடுத்தான். அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியைப் பின்னால் நீட்டி, "தொடைங்கடா, கத்தாதீங்கடா, அவன் தலையப் பிடிங்கடா" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓட்டினாள்.

வாய் அங்கே இருந்தது, கண் அங்கே இருந்தது. கையும் காலும் மட்டும் இத்தனை வருஷமாகப் பழகின வழியில் போய்க்கொண்டிருந்தன. மார்க்கெட் ரோடு திருப்பத்தைத் தாண்டியது வண்டி. அந்தத் தெருவுக்குள் திரும்பியது. வீட்டுக்கு முன்னால் வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில், கதவு கேட்டுக்கு நேராக வரும்படி நின்றது. அக்காவின் கட்டைவிரல் ஹாரனை அழுத்தியது. ஒரு நீளம், இரண்டு சின்னது. எல்லா வீட்டுக்கும் ஒரே ஒரு தடவை அடிப்பவள், எப்போதும் கடைசி நிமிஷத்தில் ஓடிவரும் ரேடியோவுக்கு மட்டும் இப்படி அடிப்பாள்.

அடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

வேனில் சத்தம் ஒரேயடியாக நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்த புதுப் பிள்ளைகூட எதற்கென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டது. அக்கா முன்னும் பின்னும் பார்த்தாள். ரிவர்ஸ் எடுக்கலாம் என்றால் தெரு ஒடுக்கம். முன்னால் விட்டுவிடலாம் என்றால் ஹாரனும் அடித்துவிட்டு ஓடுவது போலாகிவிடும். ஐயோ, அந்தத் தாய்க்கு உள்ளே இது கேட்டிருக்குமே, கேட்டிருக்குமே என்று மனம் அடித்துக்கொண்டது.

கதவு திறந்தது.

ரேடியோவின் அம்மா ஓடிவந்தாள். நடந்து வரவில்லை, ஓடிவந்தாள். தலை வாரவில்லை, கையில் சோப்பு நுரை. கேட்டைத் திறந்துகொண்டு வேனின் ஜன்னலருகே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அக்கா இறங்கினாள். இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்றுதான் இறங்கினாள்.

"தெரியாம அடிச்சுட்டேன்மா. கை பழக்கம். என்னை மன்னிச்சுடு" என்றாள். 

"எவ்வளவு நாளா பார்த்துக்கிட்டிருக்கேன் அக்கா, நீங்க வருவீங்கன்னு" என்றாள் அவள். "ஒரு தடவை போன்கூடப் பண்ணேன்."

"பார்த்தேன். எடுக்கல." இத்தனை நாள் பொய்க்குப் பிறகு உண்மை அப்படி வெறுமனே வந்தது. "ஒரு தடவை இந்த கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வரத் தைரியமில்லாம ஓடிட்டேன். கடையில உன்னைப் பார்த்து ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவள் அதையெல்லாம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவளுக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது, கோடை முழுக்க அதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அன்னிக்கு வண்டியில அவ என்னக்கா பேசினா? கடைசி நாள்? நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள தூங்கிட்டா. அப்புறம் காய்ச்சல்ல அவ சரியாப் பேசவே இல்ல. எல்லாரும் வந்து ரேடியோ ரேடியோன்னு சொல்லி அழறாங்க. வீட்ல அவ அவ்வளவு பேசமாட்டா அக்கா. நான் களைச்சுப்போய் வருவேன், அவளும் பேசாம என் பக்கத்துல வந்து படுத்துக்குவா. பேசினதெல்லாம் உங்ககிட்டதான். உங்களுக்குத்தானே தெரியும்? சொல்லுங்களேன்."

அக்கா வாயைத் திறந்தாள். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வார்த்தை நினைவுக்கு வராதா என்று துழாவினாள். தோளைத் தட்டிய சின்னக் கை நினைவிருந்தது. குரல் நினைவிருந்தது. சொன்னது ஒன்றும் நினைவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பிள்ளை பேசியது எல்லாவற்றுக்கும் இவள் ரோட்டைப் பார்த்து "ம்" கொட்டியிருக்கிறாள். இந்தத் தாய்க்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தபோது அக்காவுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

"நான் கேக்கலம்மா" என்றாள். "அவ பேசிக்கிட்டே இருப்பா. நான் கேட்டுக்கிட்டதே இல்ல."

அந்த முகம் அப்படியே ஒடுங்கியது. சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் ஜன்னலில் சின்னவளின் தலை முளைத்தது.

"ஆன்ட்டி, பூனை எப்படி இருக்கு?"

"எந்தப் பூனைம்மா?"

"உங்க வீட்டுப் பூனை. நீங்க குறட்டை விட்டா கோவிச்சுக்கிட்டு வெளியில போயிடுமே, அது."

"எங்க வீட்ல பூனையே இல்லையே கண்ணு."

வேனுக்குள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருக்கு ஆன்ட்டி!" என்றான் மிக்ஸி, கோபமாக. "ஒரு காது மடங்கி இருக்கும்." "பரீட்சைக்குப் படிக்க விடாம நோட்டு மேல உட்கார்ந்துக்கும்" என்றான் கும்பகர்ணன். "அதுக்கு மீனே பிடிக்காது, பிஸ்கெட்தான்" என்று இன்னொன்று. அந்த அம்மா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு பூனை வளர்ந்திருக்கிறது. தன் பிள்ளை அதைத் தினமும் காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

"நான் நிஜமாவா குறட்டை விடறேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்து, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

பெரியவள் முன்சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். இத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்தது. "எனக்கு எல்லாம் தெரியும் ஆன்ட்டி" என்றாள். "ஒண்ணு விடாம தெரியும். கடைசி நாள் அந்தப் பூனை காணாமப் போயிடுச்சு. லீவு முடிஞ்சு வந்து மிச்சத்தைச் சொல்றேன்னு சொன்னா." பிறகு அந்த அம்மாவின் சோப்புக் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "ஆன்ட்டியும் வரட்டும்மா."

அக்கா கதவைத் திறந்துவிட்டாள். ரேடியோவின் அம்மா வீட்டைப் பூட்டவில்லை, செருப்புப் போடவில்லை. ஏறி வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரையும் அவள் தடுக்கவில்லை.

போகிற வழியெல்லாம் பெரியவள் சொன்னாள். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். "இல்ல, அது அப்படி இல்ல" என்று சண்டைகூடப் போட்டார்கள். அந்த அம்மா நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அக்கா வேகத்தைக் கூட்டவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். சின்னவளும் பையைத் தூக்கிக்கொண்டு, "பூனை கிடைச்சா சொல்லுங்க ஆன்ட்டி" என்றுவிட்டு ஓடினாள். பெரியவள் இறங்கவில்லை.

"இன்னும் முடியலைம்மா" என்றாள்.

வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். "கேட்டை மூடப்போறேன் அக்கா. பொண்ணு உள்ள போகணும்ல? மொத நாளே லேட்டா?"

"மூடிக்குங்க" என்றாள் அக்கா.

இன்ஜினை அணைத்தாள். சீட்டில் முழங்காலை மடித்து முழு உடம்பையும் பின்பக்கம் திருப்பி, அந்தத் தாய்க்கும் தன் பெண்ணுக்கும் எதிரே உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"மொதல்லேர்ந்து சொல்லுடி" என்றாள். "நானும் கேட்டதில்ல."